செயலாளரின் ஆண்டறிக்கை: இயற்கைக் கல்லில் சவரக்கத்தியின் கடைசிக் கூர்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். ஓர் ஆண்டுக்குப் புதுத் தீட்டுக்கல் வாங்குவதில்லை. கையில் இருக்கும் இயற்கைக் கற்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, சவரக்கத்தியின் கடைசிக் கூர்மையை அதிலேயே ஏற்றிப் பழகுவது. கல்லை மாற்றிக்கொண்டே இருந்தால் கையும் பழகாது, கல்லும் பிடிபடாது என்று மூத்த உறுப்பினர்கள் வற்புறுத்தியதால் வந்த தீர்மானம் அது. பெரும்பாலோர் கடைசி வரை கடைப்பிடித்தார்கள். இந்த ஆண்டு சங்கம் செய்த வேலைகளில் அதிகப் பலன் தந்தது இதுதான் என்பது என் கருத்து. அறிக்கையில் பெரும்பகுதியும் இதைப் பற்றியே.

மாதக் கூட்டங்களுக்கு, "இந்தக் கல்லில் கூர் ஏறவில்லை" என்று வந்த கத்திகளில் பலவற்றில் குறை கல்லில் இல்லை. விளிம்பின் இரண்டு பக்கச் சரிவுகளும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. சவரக்கத்தியின் முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லில் படிவதால் கோணம் தானாக அமைந்துவிடும், அது உண்மை. ஆனால் பிடிப் பக்கத்திலிருந்து நுனி வரை சரிவு முழுசாக விழுந்திருக்க வேண்டும். அது சரிவை உருவாக்கும் கரடான 1000 எண் கல்லிலேயே முடித்துவிட வேண்டிய வேலை. கடைசிக் கல் எடுக்கும் இரும்பு மிகமிகக் கொஞ்சம். முன்னால் விட்ட குறையை அதில் தீர்க்க முடியாது. இப்போதெல்லாம் எந்தக் கத்தி வந்தாலும் உருப்பெருக்கியில் சரிவைப் பார்த்த பிறகுதான் கடைசிக் கல்லை ஈரமாக்குகிறோம்.

பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வியல்சாம் வட்டாரத்தில் கிடைக்கும் மஞ்சள் நிற கோட்டிக்யூல் கல்லை வைத்திருப்பவர்கள்தான் நம்மில் அதிகம். அதில் அறுப்பது கார்னெட் என்ற கடினக் கனிமத்தின் மணிகள். மணிகள் அப்படியொன்றும் சின்னவை அல்ல, பல மைக்ரான் அகலம் இருக்கும். ஆனாலும் பல முகங்களோடு உருண்டையாக இருப்பதால் ஆழமாகக் கீறாமல் மேலாகவே சுரண்டுகின்றன. சிறு துண்டுக் கல்லால் மேலே தேய்த்துப் பால்போலக் குழம்பு எழுப்பினால் மணிகள் விடுபட்டு உருள ஆரம்பிக்கும். கல் நன்றாக வேகம் பிடிக்கும். சிக்கலும் அங்கேதான். அதே மணிகள் எதிரே வரும் விளிம்பில் நேராக மோதி அதை மழுக்கவும் செய்கின்றன. கெட்டிக் குழம்பில் எவ்வளவு நேரம் தீட்டினாலும் கூர் ஓர் எல்லையோடு நின்றுவிடுவது இதனால்தான். அந்த எல்லைக்கு வந்ததும் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, சில இழுப்பு இழுத்து, மறுபடி ஒரு சொட்டு என்று குழம்பை நீர்க்கவிட்டுக்கொண்டே போக வேண்டும். கடைசியில் வெறும் தண்ணீர், கத்தியின் எடையை விட்டால் கையின் அழுத்தமே இல்லை. இதில் அவசரப்பட்டவர்களுக்குக் கன்னம் எரிந்தது. பொறுமையாகச் செய்தவர்கள் மென்மையான சவரம் கிடைத்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆர்க்கன்சாஸ் கல் இதற்கு நேர் எதிர். அமெரிக்காவின் வாஷிட்டா மலைகளில் கிடைக்கும் நோவாகுலைட் என்ற பாறை அது, ஏறக்குறைய முழுக்க சிலிக்கா. குழம்பு விடாது, துகளும் உதிராது. எனவே மேற்பரப்பை நாம் எவ்வளவு வழவழப்பாக்கி வைத்திருக்கிறோமோ அவ்வளவு நுண்மையாகத்தான் அது தீட்டும். சிலிக்கன் கார்பைடு பொடியில் சமப்படுத்திவிட்டு, நயமான ஈர உப்புத்தாளில் மெருகேற்றிய கல்லும், அப்படிச் செய்யாத கல்லும் ஒரே பாறையிலிருந்து வந்தவை என்றே நம்ப முடியாத அளவுக்கு வேறுபட்டன. வைரத் தகட்டில் இதைச் சமப்படுத்தப் போனால் தகடுதான் சீக்கிரம் தேயும். அப்புறம், கல்லின் அடர்த்தியைப் பார்க்கும் பயிற்சி ஒன்று நடத்தினோம். காற்றில் ஒரு எடை, நூலில் கட்டித் தண்ணீரில் முங்கவிட்டு ஒரு எடை. முதல் எடையை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் ஒப்படர்த்தி வந்துவிடும். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. அதற்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு இறுக்கமான, நுண்மையான கல். பழைய எண்ணெய் ஊறிய கல்லைக் கழுவிக் காயவைக்காமல் எடை போட்டால் கணக்கு தப்பும்.

ஜெர்மனியின் தூரிங்கியா ஸ்லேட் கல் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய சோதனை எதுவும் இல்லை. அது மென்மையான கல், கையின் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். புதிதாகப் பழகுவோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எஷர் என்ற பெயரில் விற்கப்பட்ட பழைய தூரிங்கியா கற்களின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டைத் தயவுசெய்து தண்ணீரிலிருந்து காப்பாற்றுங்கள்.

ஜப்பானின் கியோட்டோ மலைக் கற்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. நாகாயாமா, ஓசுக்கு என்று சுரங்கத்தின் பெயர் தெரிந்தாலும் கல்லின் குணம் தெரிந்துவிட்டதாக ஆகாது. தீட்டிப் பார்த்தே அறிய வேண்டும். குழம்பு எழுப்ப மிகாவா நாகுரா என்ற சிறு தேய்ப்புக் கற்களை வைத்திருந்தவர்கள் போட்டான், தென்ஜோ, மெஜிரோ, கோமா என்று கரடிலிருந்து நயமானது வரை வரிசையாக வந்தார்கள். இந்தக் கற்கள் அடுக்கடுக்கானவை. பக்கங்களில் தண்ணீர் புகுந்தால் அடுக்கு பிளக்கும். அடிப்பக்கத்துக்கும் பக்கங்களுக்கும் அரக்குப் பூச்சு கொடுப்பது அவசியம், ஊறப்போடவே கூடாது.

ஆண்டு முடிவில் அவரவர் கத்தியை இன்னொருவரிடம் கொடுத்து, எந்தக் கல் என்று சொல்லாமல் தீட்டி வாங்கிச் சவரம் செய்து பார்த்தோம். கைமாறும் ஒவ்வொரு முறையும் கத்தியைக் கிருமிநாசினியால் துடைத்தோம். இனி வரும் கூட்டங்களிலும் இது கட்டாயம். எந்தக் கல் என்பதை நம்மால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் குழம்பு கெட்டியாக இருக்கும்போதே நிறுத்தப்பட்ட விளிம்பையும், அழுத்தித் தீட்டிய விளிம்பையும் தோல் உடனே காட்டிக்கொடுத்தது. கண்ணாடிபோல மின்னிய விளிம்புகளில் சில கடுமையாக இருந்தன, மங்கலாகத் தெரிந்தவற்றில் சில மிக இதமாக இருந்தன. தொங்கும் முடியை அறுத்துப் பார்க்கும் சோதனையை நிறுத்த வேண்டாம். ஆனால் அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சவரம்தான் தீர்ப்பு. அதுவும் தீட்டிய கத்தியைத் துணிவாரிலும் தோல்வாரிலும் ஒழுங்காக இழுத்த பிறகு.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். கல்லைச் சமப்படுத்துவது எப்போதும் தண்ணீரோடுதான். நோவாகுலைட்டையும் ஸ்லேட்டையும் உலர்வாகத் தேய்த்தால் எழும் நுண்தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் திரும்பச் சரிசெய்ய முடியாத நோய் வரும். உலர்த் தேய்ப்பைச் சங்க அறையில் அனுமதிப்பதில்லை என்று குழு முடிவு செய்துள்ளது. வீட்டிலும் அப்படியே இருங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சங்கத்தின் இரவல் கற்களுக்குப் பதிவேடு தொடங்கியிருக்கிறோம்: எந்தக் கல், எண்ணெய்க்கா தண்ணீருக்கா, கடைசியாக எப்போது சமப்படுத்தப்பட்டது என்ற மூன்றும் அதில் இருக்கும். எண்ணெயில் பழகிய கல்லைத் தண்ணீர்க் கல்லோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

வரும் ஆண்டிலும் ஒரே கல் தீர்மானத்தை நீட்டிக்கலாம் என்று குழு பரிந்துரைக்கிறது. விரும்பினால் கல்லை மற்றோர் உறுப்பினரோடு மாற்றிக்கொள்ளலாம், அப்படிச் செய்பவர்கள் தங்கள் தீட்டல் குறிப்புகளையும் கல்லோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்