உதடு வெடிக்கிறதா? மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். "முகம் பளபளன்னு ஆகணும், வைட்டமின் ஏ மாத்திரை கொடுங்க" என்று கேட்டு வாங்குவது வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்து மருந்துக் கடைகளில் சகஜமாகிவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுத்துவிடும் கடைகளும் உண்டு. ஒரு மருந்தாளுநராக இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அட்டையின் பின்பக்கத்தில் இரண்டு விஷயங்களைப் படியுங்கள். ஒன்று, உள்ளே இருப்பது எந்த வகை. 'ரெட்டினால்', 'ரெட்டினைல் பால்மிடேட்', 'ரெட்டினைல் அசிடேட்' என்றிருந்தால் உடம்பில் நேராகச் சேரும் வைட்டமின். மிஞ்சியது கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கும். 'பீட்டா கரோட்டின்' என்றால் உடம்பு தேவைக்கேற்பத்தான் மாற்றிக்கொள்ளும். இரண்டாவது, அளவு. ஐ.யூ. (சர்வதேச அலகு) என்று போட்டிருந்தால், ரெட்டினால் வகைக்கு 0.3-ஆல் பெருக்கினால் மைக்ரோகிராம் வரும். தோலுக்கென்று பலர் கேட்டு வாங்கும் 25,000 ஐ.யூ. கேப்சூல் 7,500 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு ரெட்டினால் வகையின் தினசரி உச்சவரம்போ 3,000 மைக்ரோகிராம்தான். பெண்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையானது 840, ஆண்களுக்கு 1,000. ஒரே கேப்சூலில் வரம்பு இரண்டரை மடங்கு தாண்டிவிடுகிறது. மல்டிவைட்டமின், மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை, வாரா வாரம் ஆட்டு ஈரல் என்றிருந்தால் அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அளவு மீறும்போது முதலில் தெரிபவை எவை என்றால், உதடு வெடிப்பு, தோல் வறட்சி, முடி கொட்டுதல், தலைவலி. எதற்காக மாத்திரை தொடங்கினார்களோ அதே தொல்லைகள்! 'இன்னும் சத்து பத்தவில்லை' என்று நினைத்து ஒன்றை இரண்டாக்கிவிடுகிறார்கள். தொடர்ந்தால் கல்லீரலும் எலும்பும் கெடும்.

உண்மையான குறைபாட்டின் அடையாளம் வேறு. முழங்கை, முழங்காலின் வெளிப்புறத்தில் மயிர்க்கால்தோறும் முள் முளைத்ததுபோல் சொரசொரப்பு இருக்கும். கூடவே மாலையில் கண் மங்கலாம். இந்தச் சொரசொரப்புக்கு பி வைட்டமின், கொழுப்புச் சத்துக் குறைவும் காரணமாகலாம். வெறும் முகப்பருவோ கரும்புள்ளியோ குறைபாடு ஆகாது.

பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுபவர்கள் வைட்டமின் ஏ-யைத் தொடவே கூடாது; அதுவும் அதே குடும்பம்தான். பருவுக்குத் தரும் ஆன்டிபயாடிக்கான டாக்ஸிசைக்ளின் சாப்பிடும்போது வைட்டமின் ஏ-யையும் சேர்த்தால் மூளையைச் சுற்றி அழுத்தம் கூடி, கடும் தலைவலியும் பார்வை மங்கலும் வரலாம். கர்ப்பிணிகள், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள் டாக்டர் சொல்லாமல் ரெட்டினால் வகை எடுக்கவே வேண்டாம். அளவு மீறினால் குழந்தை ஊனத்தோடு பிறக்கக்கூடும். பீட்டா கரோட்டின் மாத்திரை புகைபிடிப்பவர்களுக்கு ஆகாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குத் தினமும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் கூடியது 1994-லேயே வெளிவந்துவிட்டது.

அப்படியும் டாக்டர் எழுதிக் கொடுத்தால், வெறும் வயிற்றில் போடாதீர்கள். எண்ணெயில் கரையும் சத்து இது. மதியச் சாப்பாட்டோடு போட்டால்தான் ஒட்டும். வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் சத்து கெடும், நம் ஊர்ப் புழுக்கத்தில் கேப்சூலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பெரும்பாலோருக்கு முருங்கைக்கீரை, பரங்கிக்காய், பப்பாளி, முட்டையே போதும். கீரையை ஒரு கரண்டி எண்ணெயில் வதக்குங்கள்; வெறும் தண்ணீரில் வேகவைத்தால் சத்து முழுதாகச் சேராது. கேரட்டும் பப்பாளியும் அதிகமாகி உள்ளங்கை மஞ்சளானால் பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது வெள்ளையாகவே இருந்தால் சாப்பாட்டால் வந்தது, குறைத்தால் போய்விடும். கண்ணும் மஞ்சள் என்றால் காமாலை. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு தரும் வைட்டமின் ஏ திரவ மருந்து வேறு கணக்கு. 9 மாதத்தில் 1 லட்சம் ஐ.யூ., பிறகு 5 வயது வரை ஒவ்வொரு முறையும் 2 லட்சம். அதை நிறுத்தாதீர்கள், அந்த மருந்தைப் பெரியவர்கள் தோலுக்கென்று குடிக்கவும் வேண்டாம்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 25,000 ஐ.யூ. அட்டையைச் சீட்டு இல்லாமல் நீட்டாதீர்கள். கர்ப்பமா, பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்ற இரண்டு கேள்விகளையாவது கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81