வெள்ளச் சேதப் பதிவேடு கிராமசபைக்கு வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 2-ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டி, பேருந்து நிலையம் அருகே சாலையோரம் நின்ற வாகனங்களை வெள்ளம் இழுத்துச் சென்றதை மாநிலமே பார்த்தது. அதன்பின் நேர்ந்த நிர்வாக இடைவெளி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. வெள்ளம் வடிந்த ஐந்து வாரங்களுக்குள், 2025 ஜனவரி 5-ஆம் தேதி, கிருஷ்ணகிரி, தருமபுரி உள்ளிட்ட பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் சென்றது. எந்த ஏரிக்கரை உடைந்தது, எந்தத் தரைப்பாலம் அரித்துப்போனது என்பதைத் நேரில் நடந்து பார்த்தே அறிந்திருந்த வார்டு உறுப்பினர்கள், சீரமைப்பு தொடங்க வேண்டிய வேளையில் பொறுப்பில் இல்லை. இது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. பல ஊராட்சிகளைச் சேர்த்துக் கவனிக்கும் அலுவலரிடம் அந்த நுணுக்கத்தை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஆனால் கிராமசபை கலைக்கப்படவில்லை. ஆகவே, பேரிடருக்குப் பின் ஒவ்வோர் ஊராட்சியும் சேதப் பதிவேடு ஒன்றைத் தயாரித்து, பணியின் பெயர், ஒதுக்கிய தொகை, முடிந்த தேதி ஆகியவற்றைக் கிராமசபையில் வாசித்து ஒப்புதல் பெற வேண்டும் என, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்ட நிர்வாகங்களும் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்