மறுவிதைப்புக்கு விதை இருக்கிறதா?

அன்புள்ள கண்ணுக்கு,

பருவநிலை மாற்றம் எந்த விவசாயக் குடும்பங்களை அதிகம் தாக்கும் என்று கணக்கெடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். மழையளவு அட்டவணையை மட்டும் நம்பிப் போகாதே. ஒரே மழை, ஒரே மண், பக்கத்துப் பக்கத்து வயல். ஒரு வீடு அடுத்த பருவத்தில் எழுந்துகொள்ளும். இன்னொன்று நிலத்தையே விட்டுப் போகும். அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றுதான் நீ தேட வேண்டும்.

முதல் கேள்வி, மறுவிதைப்புக்கு விதை இருக்கிறதா என்பது. ஈரம் மேலே நாலு விரற்கடை மட்டும் இறங்கியிருக்கும்போது விதைத்தால் முளை வரும். அடுத்த பத்துப் பன்னிரண்டு நாள் மழை இல்லையென்றால் கருகும், மறுபடி விதைக்க வேண்டும். காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. மண்ணில் ஊறுவதற்குள் ஓடிவிடுகிறது. விதை இல்லாத வீடு கடனுக்கு அலைந்து விதைப்பதற்குள் நாள் தள்ளிப்போய், பூக்கும் காலம் வெயிலில் மாட்டிக்கொள்ளும். நெல் பூக்கும்போது ஒரு மணி நேரம் 35 டிகிரியைத் தாண்டினாலே மகரந்தம் கெட்டு மணி பதராகலாம். இரவுச் சூட்டையும் குறித்துக்கொள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களை வைத்து 2004இல் வந்த ஆய்வில், இரவு வெப்பம் 1 டிகிரி கூடியபோது விளைச்சல் 10 சதவீதம் குறைந்திருந்தது.

'குட்டை இருக்கிறது' என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதே, நாடா போட்டு அள. மேலே 10க்கு 10 மீட்டர், ஆழம் 2 மீட்டர் என்றால் 2 லட்சம் லிட்டர் என்று எழுதிவிடுவார்கள். கரை சரியாமலிருக்க ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு மீட்டர் உள்ளே தள்ளிச் சரிவு விட்டால் அடித்தளம் 6க்கு 6 மீட்டர்தான். கொள்ளளவு 1,30,000 லிட்டர். தினம் 5 மில்லிமீட்டர் ஆவியானால் ஒரு மாதத்தில் அதிலும் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் போய்விடும், கசிவு தனி. காயும் பயிரைக் காப்பாற்ற ஓர் ஏக்கருக்கு 30 மில்லிமீட்டர் உயிர்த்தண்ணீர் கட்ட 1,21,000 லிட்டர் வேண்டும். ஒரே ஒரு தண்ணீருக்கே பற்றாது! நீ எழுதும் அறிக்கையில் அந்தக் குடும்பம் பாதுகாப்பான பட்டியலில் போய்விடக் கூடாது.

வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்தவரிடம் காகிதம் இருக்காது. நிவாரணம் பெரும்பாலும் நிலத்துக்காரர் பெயருக்கே போகும். மழைமானியை வைத்துக் கொடுக்கும் காப்பீட்டில், மானி இருக்கும் இடத்தில் பெய்து இவர் வயல் காய்ந்தால் இழப்பீடு வராது. கூலிக்காரருக்கு நிலமே இல்லை. நடவு தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் அவருக்குக் கூலி இல்லாத நாள். அவரைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவதுதான் இத்தகைய ஆய்வுகளில் எனக்குத் தாங்க முடியாத குறை.

எதை விற்றிருக்கிறார்கள் என்றும் கேள். கோழியும் ஆடும் போனால் மீண்டும் வாங்கலாம். உழவு மாடோ நிலமோ போயிருந்தால், அடுத்த வருடம் நல்ல மழை பெய்தாலும் அவர்களுக்குப் பயனில்லை.

வீட்டுப் பெண்களிடம் தனியாக உட்கார்ந்து பேசு. பல வீடுகளில் விதையை எடுத்துவைப்பது அவர்கள்தான். எவ்வளவு மிச்சம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
அம்மா