சொல்லாட்டச் சங்கம், திருகோணமலை: ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசித்த செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, அங்கத்தவர்களே, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகலாம் என்று வந்து கடைசி வாங்கில் இருந்துவிட்ட பெற்றோரே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். கூட்டக் குறிப்புகள் கொப்பியில் இருக்கின்றன. விரும்புகிறவர்கள் பார்க்கலாம், இதுவரை யாரும் விரும்பவில்லை. ஆகவே இந்த ஆண்டு சங்கத்தை இரண்டாகப் பிரித்துவைத்த விஷயத்துக்கு நேரே வருகிறேன். எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்கிரபிள் ஆடுவதற்குச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்யலாமா, கூடாதா?

பொருள் தெரியாத சொல்லைப் பலகையில் வைக்கக் கூடாது என்பது சங்கத்தின் பழைய வழக்கம். அதைக் கொண்டுவந்தவர்களில் நானும் ஒருவன். பிள்ளைகள் இங்கே வருவது ஆங்கிலம் படிக்கத்தானே என்று நினைத்தோம். இந்த ஆண்டு அந்தப் பிள்ளைகள் ஈரெழுத்துச் சொற்களின் பட்டியலோடு வந்து இறங்கினார்கள். ஸ்கிரபிளில் செல்லும் சொற்களைத் தொகுத்த கொலின்ஸ் பட்டியலின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்படி 127 சொற்கள் உண்டு. அவற்றில் ‘வி’ என்ற எழுத்து உள்ளது ஒன்றுகூட இல்லை. ஆயுள் முழுக்க ஆங்கிலத்தில் கடிதம் எழுதிச் சம்பளம் வாங்கிய எனக்கு, இதை ஒரு சின்னப் பிள்ளை சொல்லித்தான் தெரியும்.

நான் மறுத்துப் பேசியபோது நமது ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர் குறுக்கிட்டார். “தம்பி, நன்னூலில் பவணந்தியார் ஓரெழுத்து ஒருமொழி நாற்பத்திரண்டு என்று எண்ணி வைத்ததும் பட்டியல்தானே? அதில் குறில் இரண்டு. ‘நொ’, ‘து’. ‘து’ என்றால் என்ன, சொல்லும் பார்ப்பம்.” எனக்குத் தெரியவில்லை. ‘உண்’ என்று பொருளாம். அன்றைக்கு அதோடு தேநீர் வந்துவிட்டது, என் மானம் தப்பியது.

அப்புறம் ‘கியூ’ பிரச்சினை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆட்டத்தில் 100 கட்டைகள், அவற்றில் எழுத்தில்லாத வெற்றுக் கட்டை 2. ‘கியூ’ ஒன்றே ஒன்று, 10 புள்ளி. அதற்குத் துணை வேண்டிய ‘யூ’ நான்குதான். நான்கும் போய்விட்டால் ‘கியூ’ கையில் கல்லாகக் கிடக்கும். ஆட்டம் முடியும்போது அந்தப் பத்தை உங்களிடம் கழித்து, முதலில் கட்டை தீர்ந்தவருக்குக் கூட்டுவார்கள். அதனால் ‘யூ’ இல்லாமல் ‘கியூ’ வரும் நாலெழுத்து, ஐந்தெழுத்துச் சொற்களைப் பிள்ளைகள் தேடித்தேடிப் படிக்கிறார்கள். நமது ஆங்கில ஆசிரியருக்கே அவற்றில் பாதி புதிது. ஆனால் பாலம் தாண்டிக் கிண்ணியாவிலிருந்து வரும் தம்பி பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கியூ, ஏ, டி, ஐ: காதி நீதிமன்றத்தில் வரும் அதே காதி. எஃப், ஏ, கியூ, ஐ, ஆர்: பக்கீர். டபிள்யூ, ஏ, கியூ, எஃப்: வக்பு. எல்லாம் அரபு வழியாக ஆங்கிலத்துக்குப் போனவை. எங்கள் பழைய வழக்கப்படி பார்த்தால் அன்று அந்த மேசையில் அவற்றை வைக்கும் தகுதி அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு ஸ்கிரபிள் உலகப் பட்டத்தை வென்றதையும், 2024இல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்ததையும் இளைஞர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். மெய்தான். ஆனாலும் அது வேறு தொழில் என்பது என் அபிப்பிராயம். கடைசியில் செயற்குழு ஒரு நடுவழி கண்டது. எந்தச் சொல்லையும் வைக்கலாம். ஆட்டம் முடிந்ததும் பொருள் தெரியாத சொற்களை அகராதியில் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். பிள்ளைகள் எழுதுகிறார்கள். பெரியவர்கள்தான் ஏமாற்றுகிறார்கள்.

இந்த ஆண்டின் மிகச் சுவையான மாலை, ஊரின் பெயரைக் கரும்பலகையில் எழுதிய மாலை. தமிழில் திருகோணமலை ஆறெழுத்து, ஆங்கிலத்தில் ‘ட்ரிங்கோமலி’ பதினொன்று. ‘ஈ’ மட்டும் இரண்டு முறை, மற்றவை ஒவ்வொன்று. அந்தப் பதினொன்றுக்குள் ‘மிரக்கிள்’ கிடந்தது. அதே ஏழு எழுத்தை மாற்றி அடுக்கினால் ‘ரிக்ளெய்ம்’. எட்டெழுத்தில் ‘ரிலேஷன்’, அதையே கலைத்தால் ‘ஓரியன்டல்’. ஒன்பதெழுத்து யாருக்கும் அகப்படவில்லை என்று நான் துடைக்கப் போனபோது, மூத்த அங்கத்தவர் ஒருவர் எழும்பி மெதுவாகச் சொன்னார்: ‘கிரிமேஷன்’. சரிபார்த்தோம், ஒன்பதும் இருந்தது. ஊரின் பெயருக்குள்ளேயே எரியூட்டுவதும் இருக்கிறது என்று அவரே சிரித்தார், நாங்களும் சிரித்தோம்.

சுருட்டு ஆங்கிலத்துக்குப் போய் ‘செரூட்’ ஆனது, சரியாக ஏழெழுத்து. கையிலுள்ள ஏழு கட்டையையும் ஒரே முறையில் வைத்தால் மேலதிகமாக 50 புள்ளி. நமது பொருளாளர் அதை வைத்த நாளில் எழுத்துகளுக்கு வந்தது வெறும் 12தான். அந்த ஐம்பதுதான் எதிராளியைக் கவிழ்த்தது. கட்டுமரத்தை இப்படி வைக்க முடியாது. அது ஒன்பதெழுத்து, அதில் நாலு ‘ஏ’. பலகையில் ஏற்கெனவே இரண்டெழுத்தாவது வாகாகக் கிடக்க வேண்டும்.

வாட்ஸ்அப் குழு பற்றி ஒரு முறைப்பாடு. வேர்டில் என்ற ஐந்தெழுத்துப் புதிரைக் காலையில் சேர்ந்து ஆடுகிறோம். ஆறு தரம் முயலலாம். ‘ஏடியூ’வில் தொடங்கும் கட்சியும் ‘சிலேட்’டில் தொடங்கும் கட்சியும் நம்மிடம் உண்டு. சண்டை அதனாலல்ல. அந்தந்த நாட்டு நள்ளிரவில் சொல் மாறுவதால், நாளைய விடை சிட்னியில் இன்று நமக்கு மாலையாக இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது. குழுவில் உள்ள ஒருவரின் தங்கை அங்கே இருக்கிறார், பாசம் அதிகம். தங்கையிடம் பேசலாம், விடையைக் குழுவில் போட வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். கனடா உறவுகளால் இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் நமக்குப் பின்னால்தான் விழிக்கிறார்கள்.

மண்டபத்தில் மின்விசிறி இன்னும் திருத்தப்படவில்லை. அதனால்தான் ஒரு பூரணை நாளில் டச்சுக் குடாக் கடற்கரையில் பாய் விரித்து ஆடினோம். கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் அந்த யோசனையைச் சொன்னவர் செயலாளர்தான் என்று இங்கே பதிவு செய்யச் சொல்கிறார்கள், பதிவு செய்கிறேன். புள்ளித் தாள் கடலுக்குப் போனது. பலகை கவிழ்ந்து கட்டைகள் மணலில் சிதறின. இருட்டும்வரை தேடி 99 பொறுக்கினோம். காணாமல் போனது ‘எஸ்’. வேறு ஏதாவது போயிருந்தால் பொறுத்திருக்கலாம். எந்தச் சொல்லின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும் எழுத்து, இருந்ததே நாலு.

இப்போது தீப்பெட்டி அட்டையில் வெட்டிய ‘எஸ்’ ஒன்றைப் பாவிக்கிறோம். பைக்குள் கையை விட்டதும் அது விரலுக்குத் தெரிகிறது என்பதும், சிலர் வேண்டுமென்றே தடவி எடுக்கிறார்கள் என்பதும் நிர்வாகத்துக்குத் தெரியும். புதுப் பெட்டி வாங்கும்வரை, பையைப் பிடித்துக்கொடுக்கும் வேலை தமிழ் ரீச்சருடையது.

செயலாளர்