வெயிலில் வெடித்த ஒயர்

கோத்தகிரி
நவம்பர் 18

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. பதில் தள்ளிப்போனதற்கு மழைதான் காரணம். ஆடி மழை ஊட்டிக்கும் கூடலூருக்கும். தொட்டபெட்டா குறுக்கே நிற்பதால் எங்களுக்கு அதில் மிச்சம் மீதிதான் கிடைக்கும். எங்கள் மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். போன வாரம் முழுக்கக் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. கீழ்த் தோட்டத்தில் கரடி நடமாட்டம் வேறு. உன் தங்கச்சி சாயங்காலம் ஆறு மணிக்கே கதவைச் சாத்திவிடுகிறாள்.

நீ கொடைக்கானலில் வீடு பார்த்து முடித்தது ரொம்ப சந்தோஷம். ஆனால் உன் பழைய பத்மினி காரையும் கூடவே கொண்டு போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. "முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட என்னை ரோட்டில் விட்டதில்லை" என்று பெருமைப்பட்டிருக்கிறாய். மதுரையில் எப்படி மச்சான் விடும்? உன் வண்டிக்கு வெயில் தெரியும், தூசி தெரியும். ஈரம் தெரியாது.

எனக்குப் போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணை ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு மேட்டுப்பாளையத்தில் கொண்டுபோய் விட வேண்டும். 33 கிலோமீட்டர், அதுவும் இறக்கம். ஆறரைக்குச் சாவியைப் போட்டேன். அம்பாசடர் மூன்று நாளாக ஷெட்டில் நின்றிருந்தது. கூரை இருக்கிறது, ஒரு சொட்டு மழை மேலே படவில்லை. செல்ஃப் நன்றாகவே சுற்றியது, என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. சோக்கை இழுத்தேன், விட்டேன், மறுபடி இழுத்தேன். பெட்ரோல் வாசனைதான் வந்தது. பேட்டரி முனக ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டேன்.

பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து டார்ச்சும் மங்கிப்போய் அணைந்தது. இருட்டில் அந்தப் பெண்ணை ஒரே ஒரு தடவை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அப்போதுதான் பார்த்தேன். பிளக்குகளுக்கு முறை வைத்துக் கரண்டைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டர், அதன் மூடியின் மேல் நீல நிறத்தில் சின்னச் சின்னப் புழுக்கள் ஓடுகிற மாதிரி நெருப்பு. ஒரு பிளக் ஒயரின் மேலும் அதே நீலம், நடுவில் ஓரிடத்திலிருந்து தாவி என்ஜின் இரும்பைத் தொட்டுத் தொட்டு அணைந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ரயில் நினைப்பு இல்லாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் ரசித்திருப்பேன்.

விஷயம் இவ்வளவுதான். பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் என்கிற கம்பிச்சுருள் 15,000, 20,000 வோல்ட் என்று ஏற்றி அனுப்புகிறது. அது பிளக் முனையில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலான இடைவெளியைத் தாண்டிக் குதிக்க வேண்டும். உள்ளே காற்றையும் பெட்ரோலையும் பிஸ்டன் அமுக்கி வைத்திருப்பதால் அந்தத் தாவல் லேசில்லை. வெளியே மூடியின் மேல் ஈரமும் அழுக்கும் சேர்ந்து ஒரு படலம் கிடந்தால், கரண்ட் ஏன் கஷ்டப்பட்டுக் குதிக்கப் போகிறது? ஈரத்தின் மேலேயே வழுக்கிக்கொண்டு இரும்பில் இறங்கிவிடும்.

மூடியின் கிளிப்பைக் கழற்றி உள்ளே பார்த்தால், ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளியே வேர்க்குமே, அதுபோல முத்து முத்தாகத் தண்ணீர். ராத்திரிக் குளிரில் இரும்பு சில்லிட்டுக் கிடக்கிறது. பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி ஷெட்டுக்குள் சாவகாசமாக வந்து உட்காருகிறது. ஈரக்காற்று குளிர்ந்த சாமானைத் தொட்டதும் தண்ணீராகிறது. கூரை என்ன செய்யும்? மழையாவது வருவது தெரியும். இது சத்தமே இல்லாமல் வரும்.

மூடியை உள்ளே கொண்டுபோய்க் குமுட்டி அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி வைத்துக் காய வைத்தேன். மூடிக்குள் சுற்றுகிற ரோட்டாரையும் ஒயர்களையும் பழைய வேட்டியால் துடைத்தேன். மாட்டினேன், அடித்தேன், முதல் சுற்றிலேயே பிடித்தது. ரயிலையும் பிடித்துவிட்டோம்.

மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் முழுக் கதை தெரிந்தது. மூடிக்குள் இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கீறினது போல மெல்லிய கருப்புக் கோடு. கரண்ட் அந்த வழியாகவே ஓடி ஓடிப் பொசுக்கிய கரி அது. கரி கரண்டைக் கடத்தும். அதனால் ஒருமுறை கோடு விழுந்த மூடியைத் துடைத்து எல்லாம் பிரயோஜனமில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். பிளக் ஒயரை வளைத்துப் பார்த்தேன். ரப்பர் மொறமொறவென்று, மயிரிழை வெடிப்புகள்.

இதற்குத்தான் இவ்வளவு நீட்டுகிறேன். அந்த ஒயர் செட் இந்த மலையில் கெட்டதில்லை. வண்டி கோயம்புத்தூரில் தம்பி வீட்டு வாசலில் ஆறு வருஷம் வெயிலில் நின்றபோது வெடித்தது. அங்கே காற்று காய்ந்து இருந்ததால் வெடிப்பு இருப்பதே தெரியவில்லை. மலைக்கு வந்ததும் பனி அதைக் கண்டுபிடித்துவிட்டது. உன் பத்மினி மதுரை வெயிலில் முப்பது வருஷம் நின்றிருக்கிறது. கணக்கு நீயே போட்டுக்கொள்.

ஆகவே வத்தலக்குண்டைத் தாண்டுவதற்கு முன்பே மூடி, ரோட்டார், பிளக் ஒயர் மூன்றையும் புதிதாக மாற்றிவிடு. ஒயரின் ரப்பர் தொப்பிகளுக்குள் சிலிகோன் கிரீஸ் கடுகளவு தடவி மாட்டச் சொல். சாதா கிரீஸ் வேண்டாம், ரப்பரை ஊத வைத்துவிடும். பேட்டரி முனைகளைச் சுரண்டி, இறுக்கி, மேலே வேஸ்லின் பூசு. எர்த் ஒயரை மறந்துவிடாதே. பாடியோடு சேருமிடத்தில் துரு பிடித்தால் மற்றதெல்லாம் செய்தும் வீண். டபிள்யூடி-40 ஒரு டப்பா டிக்கியில் கிடக்கட்டும். 1953-ல் அமெரிக்காவில் தண்ணீரை விரட்டுவதற்காகவே செய்தது, நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்ததால் அந்தப் பெயர். ஈரமான மூடியில் அடித்துத் துடைத்தால் வேலை செய்யும். ஆனால் அடித்த கையோடு செல்ஃப் போடாதே, அது தீப்பிடிக்கும் சரக்கு.

கையுறை வைத்தியம் ஒன்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் அந்தக் கால மினி காரில் டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரில்லுக்கு நேர் பின்னாலேயே இருந்ததால் மழையில் நனைந்து நின்றுவிடும். அந்த ஊர்க்காரர்கள் ரப்பர் கையுறையின் விரல் நுனிகளை வெட்டி அதன் தலையில் மாட்டிவிட்டார்கள். நாலு விரல் நாலு பிளக் ஒயருக்கு, கட்டைவிரல் காயில் ஒயருக்கு. கணக்கு எப்படிப் பொருந்துகிறது பார்! நானும் உன் தங்கச்சி பாத்திரம் கழுவும் கையுறையை எடுத்து மாட்டி, அதிகப் புத்திசாலித்தனமாகக் கீழே கயிறு போட்டு இறுக்கிவிட்டேன். உள்ளே இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் மறுநாள் முன்னைவிட மோசம். திட்டும் கிடைத்தது. கயிறை அவிழ்த்துக் கீழ்ப்பக்கம் தொளதொளவென்று விட்ட பிறகு சரியாக இருக்கிறது. வெள்ளி அருவிச் சாரல் ரோட்டில் அடிக்கிற நாளில் உனக்கும் உதவும்.

தரை வரை மூடுகிற பிளாஸ்டிக் கவரும் இதே கதைதான், வாங்காதே. இன்னொன்று: பால் வாங்க முக்குக் கடை வரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தாதே. என்ஜின் அரைச் சூட்டில் ஈரத்தை எழுப்பிவிட்டு, காய வைக்காமல் படுத்துக்கொள்ளும். வாரத்தில் இரண்டு நாளாவது அரை மணி நேரம் ஓட்டு. வந்ததும் சூடு இருக்கும்போதே பானெட்டைத் திறந்து வை. பகலில்தான். ராத்திரி திறந்து வைத்தால் கதகதப்புக்கு எலி வந்து குடித்தனம் வைக்கும், ஒயரையும் கடிக்கும்.

உன் பையனின் புது வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. பிளக்குக்குப் பிளக் தனிக் காயில், எல்லா இணைப்புக்கும் ரப்பர் சீல். அதற்கு ஆபத்து இலைச் சருகு. வைப்பருக்குக் கீழே தண்ணீர் இறங்குகிற ஓட்டையில் சருகு அடைத்தால் மழைத் தண்ணீர் காருக்குள் இறங்கி ஃபியூஸ் பெட்டி வரை போகும். அப்புறம், சர்வீஸுக்கு விட்டால் என்ஜினில் பிரஷர் தண்ணீர் அடிக்க வேண்டாமென்று எழுதியே கொடுக்கச் சொல். இங்கே ஒரு இடத்தில் அப்படிப் பளபளப்பாகக் கழுவிக் கொடுத்து, என் மருமகன் வண்டி இரண்டு நாள் மிஸ்ஸிங் அடித்தது.

அங்கே உன் வீட்டில் தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கொடைக்கானல் குளிருக்கு முன்னேற்பாடாக ஏதாவது செய்திருக்கிறீர்களா? நாங்கள் பொங்கல் கழித்து வருகிறோம். வரும்போது மல்லிகை வாங்கி வர முடியாது, அதை நீதான் மதுரையிலிருந்து வரவழைத்து வைக்க வேண்டும் என்று உன் தங்கச்சி சொல்லச் சொன்னாள்.

வந்த அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டதும் வாசல் விளக்கை அணைத்துவிட்டு உன் பத்மினியின் பானெட்டைத் திறப்போம். நீ செல்ஃப் அடி, நான் பார்க்கிறேன். ஒரு பொட்டு நீலம் தெரிந்தாலும் மறுநாள் சாப்பாடு உன் செலவு.

உன்
மாப்பிள்ளை