தேர்வுக் குழுவின் முன் அமரப்போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அடுத்த வாரம் நேர்காணல் என்றும், தயாரிப்பை எங்கிருந்து தொடங்குவது என்று புரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். பல ஆண்டுகள் தேர்வுக் குழுவில் அமர்ந்து மதிப்பெண் போட்டவள் என்பதால், கேட்பவர்களின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

எங்கள் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மதிப்பீட்டுத் தாள் இருக்கும். விண்ணப்பதாரர் அனைவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் தனித்தனியாக மதிப்பெண் இடும் முறையை இன்று பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. மனம்போன போக்கில் பேசிப் பார்த்து ஆள் எடுப்பதைவிட, ஒருவர் பின்னாளில் எப்படி வேலை செய்வார் என்பதை இம்முறை நன்றாகக் கணிக்கிறது என்று ஷ்மிட், ஹன்டர் என்ற உளவியலாளர்கள் பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டி 1998-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு காட்டியது. 2022-இல் வேறு ஆய்வாளர்கள் அத்தகைய கணக்குகளைத் திருத்திப் பார்த்தபோது, தேர்வு முறைகளிலேயே இது முதலிடத்துக்கு வந்தது. உன்னைப் பொறுத்தவரை இதன் பொருள், நீ அறையை விட்டு வெளியேறிய பிறகு உனக்காகப் பேசப்போவது அந்தத் தாள்தான் என்பது. "நான் கடின உழைப்பாளி" என்று ஒருவர் சொன்னால் அதில் எழுதிக்கொள்ள ஒன்றும் இருக்காது. "மாத இறுதியில் கணக்கு நேராகவில்லை, இரண்டு பதிவேடுகளை வரிவரியாக ஒப்பிட்டு, இருமுறை பதிவான தொகையைக் கண்டுபிடித்தேன்" என்றால் எழுதிக்கொள்ளலாம்.

ஆகவே முதலில் பணி விளம்பரத்தை எடுத்து, அவர்கள் கேட்கும் திறன்கள் ஒவ்வொன்றையும் கோடிட்டுக்கொள். ஒவ்வொன்றுக்கும் நீ செய்த வேலையிலிருந்து ஒரு நிகழ்வைத் தேடு: சூழல் என்ன, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செய்தாய், விளைவு என்ன. இந்த நான்கையும் பயிற்சி தருபவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் நான் பார்த்தவரை, பெரும்பாலோர் சூழலை விவரிப்பதிலேயே நேரத்தைக் கரைத்துவிட்டு, தாங்கள் செய்ததை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உன் பேச்சில் பாதிக்கு மேல் நீ செய்ததற்கே ஒதுக்கு. குழுவாகச் செய்த வேலையென்றால் உன் பங்கைப் பிரித்துச் சொல். அடக்கத்தால் அதை நீ மறைத்தால், உனக்குப் பங்கே இல்லை என்று கேட்பவர் குறித்துக்கொள்வார். விளைவுக்கு எண் இருந்தால் சொல், இல்லையென்றால் கற்பனை செய்துவிடாதே, "அதை எப்படி அளந்தீர்கள்?" என்று அடுத்த கேள்வி வரும்.

இவற்றை வரிக்கு வரி மனப்பாடம் செய்யவும் வேண்டாம். கேள்வி சற்றே திசைமாறி வந்தால் மனப்பாடப் பதில் தடுமாறுவது எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். நாலைந்து குறிப்புச் சொற்களை மட்டும் தாளில் வைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகு. மனத்துக்குள் சரளமாக ஓடுவது நாக்கில் வரும்போது திக்கும்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பார்கள். கையில் இருக்கும் விண்ணப்பத்தை அவர்களுக்கே படித்துக்காட்டாமல், இப்போது என்ன செய்கிறாய், அதில் எது உன்னை இந்தப் பணியை நோக்கித் திருப்பியது என்பதை இரண்டு நிமிடத்துக்குள் சொல். குறை என்ன என்று கேட்பதும் உண்டு. எனக்குப் பிடிக்காத கேள்வி அது, நான் கேட்டதும் இல்லை. இருந்தாலும் உண்மையான ஒன்றையும், அதைச் சரிசெய்ய நீ எடுத்துவரும் முயற்சியையும் சொல். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படித் தெரிந்துகொள்வாய் என்பதைச் சேர். யோசிக்கச் சில நொடிகள் எடுத்துக்கொள்வதை யாரும் குறையாக எண்ணுவதில்லை.

காணொளி வழி நேர்காணல் என்றால், வெளிச்சம் முகத்தில் விழும்படி அமர்ந்து, கேமராவைக் கண்மட்டத்தில் வை. இணைப்பை முந்தைய நாளே சோதித்துவிடு. சம்பளப் பேச்சை நீயாகத் தொடங்காதே, ஆனால் அத்துறையில் என்ன தருகிறார்கள் என்று விசாரித்து வைத்திரு. இறுதியில் "நீங்கள் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" என்றால் இல்லை என்று எழுந்துவிடாதே. இந்தப் பணிக்கு வருபவர் முதல் ஆறு மாதங்களில் எதைச் செய்து முடித்திருக்க வேண்டும் என்று கேள். அந்தப் பதிலை வைத்தே அந்த வேலை உனக்கு வேண்டுமா என்பதையும் நீ முடிவு செய்யலாம்.

பணி விளம்பரத்தையும், நீ தேர்ந்தெடுத்த நிகழ்வுகளையும் எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நான் கேள்வி கேட்கிறேன். உன் தம்பியையும் சேர்த்துக்கொள்வோம். குறுக்குக் கேள்வி கேட்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

அன்புடன்,
அம்மா