வலிக்காமல் ஒழுகும் காது

அன்புள்ள மல்லிகா,

தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை, திட்டிக்கொள். வடகம் வந்து சேர்ந்தது. அம்மாவின் முட்டிவலி அப்படியேதான். சரோஜா கதையெல்லாம் நேரில் பேசலாம். இப்போது எழுதுவது நீ கேட்ட அந்த நோயாளிப் பெண்ணின் காதைப் பற்றி.

மூன்று மாத ஒழுக்கு, வலி இல்லை, இரண்டு பாட்டில் சொட்டு மருந்து தீர்ந்தும் நிற்கவில்லை என்கிறாய். கடைசியில் போகிற போக்கில் ‘காதே கேட்கவில்லையாம்’ என்று எழுதியிருக்கிறாயே, எனக்கு உறுத்துவது அதுதான். சாதாரணச் சீழ்க்காதில் இவ்வளவு சீக்கிரம் கேட்கும் திறன் இவ்வளவு குறையாதுடி. காதிலும் காசநோய் வரும், அதை நினைத்துப் பார்.

அதற்கு அடையாளம் செவிப்பறையில் பல ஓட்டை என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, அதற்காகக் காத்திருக்காதே. சின்ன ஓட்டைகள் சீக்கிரமே ஒன்றுசேர்ந்து பெரிய ஓட்டையாகிவிடும். உள்ளே வளர்ந்திருக்கும் சதையின் நிறத்தைப் பார், வெளிறிக் கிடந்தால் சந்தேகப்படு. கண்ணை இறுக மூடச் சொல், பல்லைக் காட்டச் சொல். முகம் கோணினால் அன்றைக்கே அனுப்பிவிடு. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, வீட்டில் யாருக்காவது டிபி மருந்து ஓடுகிறதா என்றும் கேள். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் நிம்மதி அடையாதே. கிருமி தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் வழியே ஏறலாம், ரத்தத்தோடும் வரலாம். நுரையீரலில் ஒன்றுமே இல்லாமல் காது மட்டும் பாதிக்கப்பட்டவர்கள் நிறைய.

நீ கொடுக்கும் சிப்ரோ ஆன்டிபயாடிக் மாத்திரையை உடனே நிறுத்து. இதில் எனக்கு உன்மேல் உண்மையாகவே வருத்தம். அந்த வகை மருந்து காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடக்கிவிடும். ஒழுக்கு கொஞ்சம் குறைந்த மாதிரி தெரியும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் எதுவும் வளராது, நோய் உள்ளே எலும்பை அரித்துக்கொண்டே போகும். பறை ஓட்டையாக இருக்கும்போது ஜென்டாமைசின் சொட்டும் வேண்டாம், மிச்சமிருக்கும் கேட்கும் திறனையும் அது கெடுக்கும்.

சீழைப் பஞ்சில் தொட்டு அனுப்பினால் போதாது. அதில் கிருமி மிகக் குறைவு, கண்ணாடியில் தடவிப் பார்க்கும் ஸ்மியர் பெரும்பாலும் நெகட்டிவ் என்றே வரும். சதைத் துணுக்குதான் வேண்டும். அதை நீ பிடுங்காதே, அடியில் முக நரம்பு திறந்து கிடக்கலாம். மைக்ராஸ்கோப்பில் பார்த்து நான் எடுக்கிறேன். அதற்கு இரண்டு பாட்டில் வேண்டும்: ஒன்றில் ஃபார்மலின், பயாப்சிக்கு. இன்னொன்றில் வெறும் சலைன், கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கும் கல்ச்சருக்கும். எல்லாத் துணுக்கையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், அப்புறம் கல்ச்சருக்கு வழியே இல்லை. எத்தனை இடத்தில் இந்த ஒரு தவறால் நோய் நழுவிப்போகிறது தெரியுமா! சிபிநாட் இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்லும், முக்கிய டிபி மருந்தான ரிஃபாம்பிசினுக்கு நோய் கேட்குமா என்றும் சொல்லும். ஆனால் அது நெகட்டிவ் என்றால் டிபி இல்லை என்று ஆகாது. பயாப்சியையும் ஆறு வாரக் கல்ச்சரையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உறுதியானால் வழக்கமான மருந்துதான்: இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் அதில் பைராசினமைடு தவிர மற்ற மூன்று. 42 கிலோ என்றாயே, கூட்டு மாத்திரை தினம் 3, கூடவே பைரிடாக்சின் என்ற பி6 வைட்டமின். எலும்பு அரித்திருந்தால் காலத்தை நீட்டுவது பற்றி அப்போது பேசிக்கொள்வோம். அரசின் டிபி பதிவேடான நிக்‌ஷயில் பதிவு செய்ய மறக்காதே, சத்துணவுப் பணம் அதன் வழியாகத்தான் வரும். எச்ஐவியும் சர்க்கரையும் பார்த்துவிடு. அந்த மருந்துகளில் ஒன்றான எத்தாம்புட்டால் ஓடும்வரை பார்வை மங்குகிறதா, நிறம் மாறித் தெரிகிறதா என்று மாதாமாதம் கேள்.

கத்தியை எடுக்க அவசரமில்லை. மருந்து தொடங்காமல் அறுத்தால் காதுக்குப் பின்னால் புண் ஆறாமல் புரையோடும். செத்த எலும்போ சீழ்க்கட்டியோ இருந்தால்தான் அறுவை. மருந்து முடிந்து காது காய்ந்தபின் பறையை ஒட்டலாம். முகக்கோணல் இருந்தால்கூட மருந்திலேயே பலருக்குத் திரும்புகிறது. நரம்பு கெட்டுப் போன கேட்கும் திறன் மட்டும் திரும்பாது, அதனால்தான் இத்தனை அவசரப்படுத்துகிறேன்.

வியாழன் காலை ஓபியில் இருப்பேன். சாப்பிடாமல் வரச் சொல்லாதே, துணுக்கு எடுக்க மயக்க மருந்து தேவைப்படாது என்றே நினைக்கிறேன். பழைய சீட்டுகளையெல்லாம் கையில் கொடுத்தனுப்பு.

உன்,
கலா